கனடாவில் நிரந்தரமாகக் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் விண்ணப்பிக்க அழைப்பு வந்துவிட்டது. எச்ஆர் வேலை விவரம் எழுதித் தர மறுக்கிறார்கள். 60 நாளுக்குள் ஆவணங்களை எப்படித் தயார் செய்வது?

60 நாள் போதும், வேலைக் கடிதத்தை முதல் நாளே கேட்க ஆரம்பித்தால். மற்ற ஆவணங்கள் பணம் கட்டினால், வரிசையில் நின்றால் வந்துவிடும். இது மட்டும் இன்னொருவர் மனசு வைத்தால்தான் வரும். அதனால் இதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

நம்மூர் கம்பெனிகள் வழக்கமாகத் தரும் ரிலீவிங் லெட்டரை எடுத்துப் பாருங்கள். இன்னார், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, சீனியர் அசோசியேட்டாகப் பணியாற்றினார், அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். வாழ்த்துக்கு மதிப்பெண் கிடையாது. கனடா குடிவரவுத் துறை கேட்பது வேறு: கம்பெனி லெட்டர்ஹெட், அதில் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், நீங்கள் வகித்த ஒவ்வொரு பதவியும் அதன் தேதிகளும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் இதர சலுகைகளும், முழுநேரமா பகுதிநேரமா, செய்த வேலைகளின் விவரம், மேலாளர் அல்லது எச்ஆர் அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து. இதில் அடிக்கடி விட்டுப்போவது வார மணி நேரம். 'ஃபுல் டைம்' என்று எழுதியிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஓராண்டு அனுபவம் என்பது வாரம் 30 மணி வீதம் 1,560 மணி என்று கணக்குப் போடுகிறார்கள். எண் இல்லாவிட்டால் எதை வைத்துக் கணக்குப் போடுவார்கள்?

அடுத்தது வேலை விவரம். நீங்கள் தேர்ந்தெடுத்த என்ஓசி எண்ணுக்கும் (கனடா ஒவ்வொரு வேலை வகைக்கும் தரும் எண்) இந்தப் பத்திக்கும் பொருந்த வேண்டும். பதவிப் பெயர் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, வேலை பொருந்தியாக வேண்டும். உதாரணமாக 21232, மென்பொருள் உருவாக்குநர். 'மென்பொருள் உருவாக்கம், பராமரிப்பு, குழு ஒருங்கிணைப்பு' என்று எழுதினால் டெஸ்டிங் செய்தவருக்கும் பொருந்தும், மேனேஜருக்கும் பொருந்தும். 'காப்பீட்டு கிளெய்ம் செயலிக்கு ஜாவாவில் கோட் எழுதுதல். பழைய கோடில் பிழை கண்டு திருத்துதல். புதிய தேவைக்கு ஏற்ப மாட்யூல்களை மாற்றி எழுதுதல். தொழில்நுட்பக் குறிப்புகள் தயாரித்தல்' என்று ஆறேழு வரி இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. என்ஓசி தளத்தில் உள்ள வரிகளை அப்படியே ஒட்டுவது இன்னொரு தவறு. அதே வரிகளை அதிகாரி எத்தனையோ கடிதங்களில் பார்த்திருப்பார். உங்கள் வேலையை உங்கள் வார்த்தையில் எழுதி எச்ஆரிடம் வரைவாகக் கொடுங்கள். வெறும் கையோடு போய்க் கேட்டால் பழைய ஒருவரிக் கடிதம்தான் திரும்ப வரும்.

எச்ஆர் கடைசிவரை மறுத்தால்? முதலில் நேரடி மேலாளரிடம் லெட்டர்ஹெட்டில் கிடைக்குமா என்று பாருங்கள், அவர் கையெழுத்தும் செல்லும். அதுவும் இல்லையென்றால், எச்ஆரிடமிருந்து தேதியும் பதவியும் சம்பளமும் உள்ள கடிதத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை விவரத்தையும் வார மணி நேரத்தையும் மேலாளரோ முன்னாள் மேலாளரோ முத்திரைத்தாளில் நோட்டரி முன் பிரமாணப் பத்திரமாக எழுதித் தரட்டும். தன் பெயர், பதவி, தொலைபேசி, எந்தக் காலத்தில் உங்களுக்கு மேலாளராக இருந்தார் என்பது எல்லாம் அதில் வர வேண்டும். கூடவே அவர் அந்தக் கம்பெனியில் இருந்ததற்கு ஒரு சான்று, விசிட்டிங் கார்டு போதும். இதோடு ஆஃபர் லெட்டர், பதவி உயர்வுக் கடிதங்கள், பே ஸ்லிப், ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக், சம்பளம் வரவான வங்கி ஸ்டேட்மென்ட். 'எங்கள் கொள்கைப்படி வேலை விவரம் தருவதில்லை' என்று எச்ஆர் அனுப்பிய மின்னஞ்சல் இருந்தால் அது தங்கம். விளக்கக் கடிதத்தோடு இணையுங்கள். வாய்மொழியாக மறுத்திருந்தால் மின்னஞ்சலில் ஒருமுறை கேட்டு, பதிலை வாங்கி வையுங்கள். இந்த வழியை ஏற்பது அதிகாரியின் முடிவுதான், ஆனால் ஒழுங்காகக் கட்டிய கோப்பு நிற்கும்.

லெட்டர்ஹெட் 'ஏற்பாடு' செய்து தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள். குடிவரவு அதிகாரிகள் கம்பெனிக்கு நேராகவே மின்னஞ்சல் அனுப்பிச் சரிபார்ப்பதுண்டு. பொய் என்று தெரிந்தால் 5 ஆண்டுத் தடை.

தரவரிசையில் அனுபவத்துக்காகப் புள்ளி கோரும் ஒவ்வொரு வேலைக்கும் இப்படிக் கடிதம் வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய, இனி கடிதம் கிடைக்க வழியே இல்லாத வேலை என்றால், அதற்கான புள்ளி இல்லாமலும் மொத்தம் வெட்டுப் புள்ளிக்கு (உங்கள் சுற்றில் அழைக்கப்பட்ட குறைந்தபட்சப் புள்ளிக்கு) மேலே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதற்குப் புள்ளி கோராமல் விடுவது நல்லது. கடந்த 10 ஆண்டுக்குள் வந்த வேலை என்றால், புள்ளி கோராவிட்டாலும் தனிப்பட்ட வரலாற்றுப் பகுதியில் அது இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் ஒரு மாத இடைவெளியும் கூடாது. வேலையில்லாமல் இருந்தால் வேலையில்லை என்றே எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது பணம், கனடா போய்க் குடியேறும் செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டியது. கனடாவில் வேலை செய்த அனுபவத்தை வைத்து சிஇசி பிரிவில் அழைக்கப்பட்டவருக்கு இது தேவையில்லை. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு, 2025 ஜூலையில் அறிவித்த கணக்குப்படி, தனி ஆளுக்கு 15,263 கனடிய டாலர், இருவருக்கு 19,001, மூவருக்கு 23,360, நால்வருக்கு 28,362. ஆண்டுதோறும் மாறும். குடும்பத்தில் கூட வராதவரையும் தலைக்கணக்கில் சேர்க்க வேண்டும். ரூபாயின் மதிப்பு இறங்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுங்கள். சரியாக விளிம்பில் நின்றவர்கள் சறுக்கியிருக்கிறார்கள்.

வங்கியில் போய் 'பேலன்ஸ் சர்டிஃபிகேட்' கேட்டால் இன்றைய இருப்பை மட்டும் ஒரு வரியில் அடித்துத் தருவார்கள். அது போதாது. கணக்கு எண், தொடங்கிய தேதி, தற்போதைய இருப்பு, கடந்த 6 மாதச் சராசரி இருப்பு, வங்கியில் உள்ள கடன்கள், கிளையின் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் அத்தனையும் லெட்டர்ஹெட்டில் வேண்டும். இங்கேயும் வரைவைக் கையோடு கொண்டுபோங்கள், மேனேஜர் வேலை மிச்சம். ஃபிக்ஸட் டெபாசிட் சேரும். நகை, நிலம், வீட்டின் மதிப்பு சேராது. கடன் வாங்கிக் காட்டவும் கூடாது. அப்பா திடீரென்று பத்து லட்சம் போட்டால் அந்த வரி ஸ்டேட்மென்ட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். திருப்பித் தர வேண்டியதில்லை என்று எழுதிய கிஃப்ட் டீட், அப்பாவுக்கு அந்தப் பணம் வந்த வழி, அவர் கணக்கிலிருந்து போன பதிவு மூன்றையும் வையுங்கள்.

அடுத்து நமக்கென்றே உள்ள தலைவலி, இனிஷியல். டிகிரியில் 'முருகன் கே', பாஸ்போர்ட்டில் 'முருகன் கந்தசாமி', மனைவி பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. விண்ணப்பம் முழுக்கப் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். குடும்பப் பெயர் இல்லையென்றால் உள்ள பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றதைக் காலியாக விட வேண்டும். வெவ்வேறு பெயரில் இருப்பவர் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று எடுத்து, மாறுபடும் ஆவணங்கள் எவை என்று அதில் பட்டியலிடுங்கள். தமிழில் மட்டும் உள்ள சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் பிரமாணப் பத்திரமும் வேண்டும். நீங்களோ உறவினரோ மொழிபெயர்த்தால் செல்லாது.

போலீஸ் சான்றிதழ் கடந்த 10 ஆண்டில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த, கனடா தவிர்த்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும், 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும். இப்போது வசிக்கும் நாட்டுடையது விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இந்தியச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட் முகவரி சேலம், இருப்பது சென்னை என்றால் விசாரணை முடிய நாளாகும், முதல் வாரமே போடுங்கள். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தவர்கள் அதற்கும் முன்னால்.

மருத்துவப் பரிசோதனை 2025 ஆகஸ்ட் 21 முதல் விண்ணப்பத்தோடு சேர்த்தே தர வேண்டும். பழைய யூடியூப் வீடியோவை நம்பிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். கனடா குடிவரவுத் துறை அங்கீகரித்த மருத்துவரிடம் செய்தால் மட்டுமே செல்லும். கூட வராத மனைவிக்கும் குழந்தைக்கும்கூடப் பரிசோதனை உண்டு. அவர்களை விண்ணப்பத்தில் மறைத்தால் பின்னால் ஸ்பான்சர் செய்து கூப்பிடும் வாய்ப்பே போய்விடும்.

கடைசியாக அப்லோடு. ஒரு கட்டத்துக்கு ஒரே கோப்புதான், 4 எம்பிக்குள். கடிதம், பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக இணைத்து, முதல் பக்கத்தில் எந்தப் பக்கத்தில் என்ன என்று எழுதுங்கள். சுருக்கிய பிறகு சீல் படிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்று விட்டுப்போனால் 'அனுப்புங்கள்' என்று கேட்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. முழுமையற்ற விண்ணப்பம் என்று திருப்பிவிடலாம். 60-ஆம் நாள் இரவில் தளம் திணறினால் முறையிட இடமில்லை, 50-ஆம் நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.