ஆணி கேள்வி பதில்: எதில் அடிக்கிறீர்கள்?

கேள்வி (தஞ்சாவூர்): முக்கால் அங்குலப் பலகையை 2 அங்குலச் சட்டத்தில் அடிக்க எந்த ஆணி வாங்க வேண்டும்? பலகை ஓரத்தில் பிளந்துகொண்டே இருக்கிறது.

பதில்: பலகையின் கனத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு நீளம் வேண்டும், உங்களுக்கு 2 அங்குலக் கம்பி ஆணி போதும். பிடிப்பது சட்டத்துக்குள் இறங்கிய பகுதிதான், பலகைக்குள் இருப்பது அன்று. கேஜ் எண் கூடக் கூட ஆணி மெலியும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள்: 8 கேஜ் சுமார் 4 மி.மீ., 12 கேஜ் சுமார் 2.6 மி.மீ. பிளவுக்குக் காரணம் பெரும்பாலும் கூர்முனை. அது நாரை ஆப்பு போல விலக்கிக்கொண்டு நுழைகிறது. ஆணியைத் தலைகீழாகக் கல்லின் மேல் நிறுத்தி முனையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்குவதால் பிளவு குறையும். கருவேலம், பனை போன்ற வன்மரங்களில் அதுவும் போதாது. ஆணியின் விட்டத்தில் முக்கால் பங்குக்கு முதலில் துளையிட வேண்டும்.

கேள்வி (சென்னை): படம் மாட்டக் கான்கிரீட் ஆணி அடித்தேன். ஆணி வளைந்தது, பூச்சும் உதிர்ந்தது.

பதில்: வளைந்தது என்றால் கடைக்காரர் கொடுத்தது சாதாரணக் கம்பி ஆணியாக இருக்கலாம். கடினமாக்கிய கான்கிரீட் ஆணி எளிதில் வளையாது; ஒடிந்து தெறிக்கும். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அதை அடிக்காதீர்கள். செங்கல் சுவரானால் ஆணி பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் போக வேண்டும். கான்கிரீட் தூணானால் துளையிட்டு ராவல் பிளக் (துளைக்குள் திணிக்கும் பிளாஸ்டிக் குழல்) வைத்து ஸ்க்ரூ போடுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே எதையும் அடிக்காதீர்கள், உள்ளே வயர் போகிறது.

கேள்வி (நாகப்பட்டினம்): துத்தநாகம் பூசிய ஆணியும் கடற்காற்றில் துருப்பிடிக்கிறதே?

பதில்: பளபளவென்று இருந்தால் அது மின்முலாம்; பூச்சு மிக மெல்லியது. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது மங்கிய சாம்பல் நிறத்தில் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், அதுவே நெடுநாள் தாங்கும். உப்புக்காற்று நேராக வீசும் இடத்துக்கு 316 வகை எவர்சில்வர் ஆணி தேவை.

கேள்வி (கோயம்புத்தூர்): ஸ்க்ரூ வந்தபின் ஆணி எதற்கு? நான் எல்லாவற்றுக்கும் ஜிப்சம் பலகைக்கான கருப்பு ஸ்க்ரூவையே போடுகிறேன்.

பதில்: அதைத்தான் செய்யக் கூடாது. கடினமாக்கிய அந்த ஸ்க்ரூ பக்கவாட்டு விசைக்கு வளையாமல் சட்டென்று முறியும். ஆணியோ வளைந்து, மூட்டு தளர்வதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி (அதே வாசகர்): ஆணியைக் கடப்பாறையால் நெம்பினால் வந்துவிடுகிறது. ஸ்க்ரூ வருமா?

பதில்: வராது, இழுவிசையில் மரையே வெல்லும், மறுக்கவில்லை. மேசைக் காலுக்கும் கீலுக்கும் நானும் ஸ்க்ரூதான் போடுகிறேன். ஆனால் கூரைச் சட்டத்தின் மூட்டில் சுமை ஆணியின் குறுக்கே வருகிறதா, நெடுக்கே வருகிறதா என்று பார்த்த பிறகு சொல்லுங்கள். குறுக்கே வருமிடத்தில் தடித்த ஆணி இரண்டு உங்கள் கருப்பு ஸ்க்ரூவை விட நம்பகமானவை. மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், அதாவது நாரின் நெடுக்காக, அடித்த ஆணி எளிதில் கழன்றுவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் நெம்பியது அப்படிப்பட்ட ஆணியாக இருக்கலாம்.

கேள்வி (மதுரை): சுவரில் அடிக்க எந்த ஆணி நல்லது?

பதில்: எந்தச் சுவர்? சென்னை வாசகருக்கான பதிலைப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): சுவருக்கு எத்தனை அங்குல ஆணி?

பதில்: மீண்டும் கேட்கிறேன், செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, கான்கிரீட்டா? ஹாலோ பிளாக்கானால் ஆணியே வேண்டாம். எந்தச் சுவரானாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

கேள்வி (திருச்சி): கான்கிரீட் வார்க்கத் தற்காலிகமாக அடிக்கும் சென்ட்ரிங் பலகை பிரிக்கும்போது உடைகிறது.

பதில்: தலை முழுவதும் பதியும்வரை அடிக்காமல் கால் அங்குலம் வெளியே விடுங்கள், சுத்தியலின் பிளவு நுழைய இடம் கிடைக்கும். பிரித்த பலகையில் ஆணி மேல்நோக்கி நிற்க ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள். அப்படி நின்ற ஒன்று என் ரப்பர் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியிருக்கிறது.