டெல்டாக் களிமண்ணும் சிமெண்டுச் சாலையடித்தளமும்: கேள்வி பதில்

மன்னார்குடி ஒப்பந்ததாரர்: ஐயா, எங்கள் பகுதிக் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசி மழையில் சேறாகிவிடுகிறது. சாலையின் அடித்தளத்துக்கு இந்த மண்ணில் சிமெண்டைக் கூடுதலாகச் சேர்த்தால் மண் கட்டுப்படுமா?

அளவைக் கூட்டுவதால் மட்டும் கட்டுப்படாது. நீரை உள்வாங்கி உப்பி, காயும்போது சுருங்கும் மான்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம்தான் இத்தகைய மண்ணின் சிக்கலுக்குக் காரணம். நெகிழ்மைக் குறியீடு, அதாவது எவ்வளவு ஈர வேறுபாட்டுக்குள் மண் பிசையும் பதத்தில் இருக்கும் என்பதைக் காட்டும் எண், 20-ஐ நன்கு தாண்டிய களிமண் உருண்டை உருண்டையாகவே நிற்பதால், சிமெண்ட் அவற்றின் மேலே ஒட்டிக்கொள்ளுமே தவிர உள்ளே போகாது. எனவே முதலில் 2 அல்லது 3 சதவீதம் நீற்றுச் சுண்ணாம்பைக் கலந்து, ஈரம் காக்கும்படி இலேசாக அழுத்தி மூடி, ஒரு நாளாவது ஊறவிடுங்கள். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களித்துகள்களோடு வினைபுரிந்து மண்ணின் பிசுபிசுப்பைக் குறைத்துவிடும். பொலபொலவென்று உதிரும் அந்த மண்ணில்தான் சிமெண்ட் சீராகக் கலக்கும். தேவைக்கு மேல் சிமெண்ட் சேர்த்தால் தளம் விறைத்துச் சுருங்கி வெடித்து, அந்த வெடிப்பு மேலே உள்ள தார்த்தளம் வரை ஏறிவரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கும்பகோணம் பொறியியல் மாணவி: சதுர மீட்டருக்கு எவ்வளவு சிமெண்ட் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

150 மில்லிமீட்டர் தடிமனில், கன மீட்டருக்கு 1,700 கிலோ உலர் அடர்த்தி கொண்ட மண் என்றால், சதுர மீட்டருக்கு 255 கிலோ மண் வரும். அதில் 5 சதவீதம் ஏறத்தாழ 12.75 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை ஒன்று நான்கு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே வரும். அந்தச் சதவீதத்தை ஊகிக்காமல், வெவ்வேறு சதவீதத்தில் சிமெண்ட் கலந்த மண்ணால் உருளைகள் செய்து, ஏழாம் நாள் நசுக்கி வலிமையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வேதாரண்யம் ஊராட்சி உறுப்பினர்: எங்கள் ஊர் உவர் மண்ணிலும் இதைச் செய்யலாமா?

சல்பேட் சோதனை முடியும்வரை சிமெண்டும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். சல்பேட் மிகுந்த களிமண்ணில் இவை எட்ரிங்கைட் என்னும் படிகத்தை உண்டாக்கி, போட்ட சாலையையே மேலே தூக்கிவிடும். கலக்கும் நீரும் உப்புநீராக இருக்கக் கூடாது.

திருவாரூர் இளநிலைப் பொறியாளர்: ரோலர் வரத் தாமதமானால் கலவையை மறுநாள் அழுத்தலாமா?

கூடாது. சிமெண்ட் கலந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தி முடித்துவிட வேண்டும். அதற்குப் பின் உருட்டினால், பிடிக்கத் தொடங்கிய பிணைப்பையே உடைத்தவர்களாவோம். ஆகவே ரோலர் வந்து நின்ற பிறகே மூட்டையைப் பிரியுங்கள். அழுத்திய தளத்தை ஏழு நாள் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். நெல் லாரிகளை அதுவரை விடவே கூடாது.

நீடாமங்கலம் விவசாயி: இருபுறமும் வயல். நடுவில் சாலை நன்றாயிருக்க, ஓரம் மட்டும் உடைவது ஏன்?

வயல்நீர் பக்கவாட்டில் கசிந்து, சிமெண்ட் கலவாத அடிமண்ணை இளக்குவதால்தான். தளத்தைச் சாலையின் அகலத்தோடு நிறுத்தாமல் ஓரம் தாண்டியும் நீட்டி, வயல்நீர் மட்டத்துக்கு மேலே உயர்த்தி, வடிகால் விட வேண்டும். வேலையைச் சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் தொடங்கி, மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வருமுன் முடித்துவிடுங்கள்.