இசைக் கேள்வி-பதில்: வயலின் கான்செர்ட்டோவை ஃப்ளூட்டில் வாசிக்கலாமா?

கேள்வி: மேற்கத்திய ஃப்ளூட் கற்கும் என் மகள், எங்கள் அப்பச்சியின் சதாபிஷேகத்தன்று வீட்டுப் பட்டாலையில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஏ மைனர் வயலின் கான்செர்ட்டோவை (வாத்தியக்குழு துணை நிற்க, ஒரு வாத்தியம் முன்னின்று வாசிக்கும் படைப்பு) வாசிக்க ஆசைப்படுகிறாள். துணைக்கு கீபோர்டு. வயலின் நோட்டை அப்படியே வாசிக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாக வாசிக்கட்டும். ஆனால் ‘அப்படியே’ முடியாது. இதே கான்செர்ட்டோவை பாக்கே ஹார்ப்சிகார்டுக்கு (பியானோவுக்கு முந்தைய, கட்டைகளை அழுத்தி வாசிக்கும் தந்தி வாத்தியம்) மாற்றியபோது ஜி மைனருக்கு, அதாவது ஒரு முழு ஸ்வரம், இறக்கினார். வயலின் தொடும் உச்ச ‘ஈ’ ஸ்வரம் (ஏ, ஸி, டி, ஈ எல்லாம் மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்) அன்றைய ஹார்ப்சிகார்டுகள் பலவற்றில் கிடையாது. டி-யோடு கட்டை முடிந்துவிடும்.

ஃப்ளூட்டுக்குத் தொல்லை கீழ்ப்பக்கம். வயலின் நடு ஸி-க்கும் கீழே ஜி வரை இறங்கும்; ஃப்ளூட் ஸி-யிலேயே நின்றுவிடும். எட்டாத ஸ்வரத்தை மட்டும் மேல் ஸ்தாயிக்குத் தூக்கினால் வரி நடுவில் ஒடியும். அந்த வரி தொடங்கும் இடத்திலேயே ஏற்றி, முடிந்த பிறகு இறங்கச் சொல்லுங்கள். சுருதியை மாற்ற வேண்டாம். ஏ மைனர் ஃப்ளூட் விரல்களுக்கு இதமானது.

உண்மையான சோதனை மூன்றாம் பகுதி. அங்கே வில், விரல் வைக்காத ஈ தந்திக்கும் பக்கத்துத் தந்திக்கும் மாறி மாறித் தாவும். ஈ ஓயாமல் ரீங்கரிக்க, மெட்டு பக்கத்துத் தந்தியில் நகரும். ஃப்ளூட்டில் இரண்டுக்கும் ஒரே மூச்சுதான். எல்லாவற்றையும் ஒரே பலத்தில் ஊதினால் மெட்டு காணாமல் போகும். நகரும் ஸ்வரத்துக்கு அழுத்தம், ஈ-க்கு மெல்லிய தொடல். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் ஒரு ஈ-யை விட்டுவிடலாம். கேட்பவர் காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். எந்த ஈ என்பதை முன்கூட்டியே பென்சிலால் வட்டமிடுங்கள். மேடையில் தீர்மானிக்க நேரம் இருக்காது.

வெயில் காலமென்றால் ஃப்ளூட்டின் சுருதி ஏறும், கீபோர்டு அசையாது. அதை இறக்கத் தலைப்பகுதியை அளவுக்கு மீறி வெளியே இழுத்தால், குழலின் குறுகிய நீளத்தில் பிறக்கும் பி, ஸி போன்ற ஸ்வரங்கள் மற்றவற்றைவிட அதிகம் இறங்கிவிடும். கீபோர்டின் ட்யூனிங்கை (ஏ ஸ்வரத்தின் அதிர்வெண்) 440 ஹெர்ட்ஸிலிருந்து 442, 443-க்கு ஏற்றுவதே மேல். ட்ரான்ஸ்போஸ் (சுருதியை மொத்தமாக மாற்றும் வசதி) பூஜ்யத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆத்தங்குடித் தளமும் வழவழச் சுண்ணாம்புச் சுவரும் ஒலியை விழுங்காமல் திருப்பியடிக்கும். ஜமக்காளம் விரித்து ஆட்களை உட்கார வைத்தால் எதிரொலி கொஞ்சம் அடங்கும். அப்படியும் மூன்றாம் பகுதியின் வேகத்தை ஒரு படி குறைத்தே வாசிக்கட்டும்.

கேள்வி: வயலினுக்கு எழுதியதைப் பியானோவில் வாசிப்பது மூலத்துக்குச் செய்யும் துரோகம் இல்லையா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை. 1806-ல் எழுதிய தம் வயலின் கான்செர்ட்டோவை, இசைப் பதிப்பாளர் கிளெமென்டி கேட்டுக்கொண்டதால், பீத்தோவனே 1807-ல் பியானோவுக்கு மாற்றினார். ஆனாலும் வில் இழுத்துப் பிடிக்கும் நீண்ட ஸ்வரம் பியானோவில் தட்டியதுமே தேயத் தொடங்குகிறது. இடது கைக்கும் பல இடங்களில் வேலை குறைவு. கடென்ஸாதான், அதாவது வாத்தியக்குழு நிற்க முன்னணிக் கலைஞர் தனியே திறமை காட்டும் பகுதிதான், அதன் பொக்கிஷம். வயலின் மூலத்துக்கு அவர் கடென்ஸா எழுதி வைக்கவில்லை. பியானோவுக்கு எழுதினார், முதல் பகுதியில் டிம்பனி என்ற பெருமுரசையும் கூடவே முழங்கவிட்டார். இன்று வயலின் கலைஞர்கள் சிலர் அதைத் திரும்ப வயலினுக்கு மாற்றி வாசிக்கிறார்கள்.