பெரியபுராணத்தில் அந்த வேதியர் எங்கே?

1942-இல் வந்த ஜெமினியின் 'நந்தனார்' படத்தைப் பார்த்துவிட்டு, சிவபக்தர் நந்தனாரைச் சிதம்பரம் போக விடாமல் தடுக்கும் பண்ணையார் வேதியரைப் பெரியபுராணத்தில் தேடியும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்காது. சேக்கிழார் பாட்டில் அப்படி ஓர் ஆளே இல்லை.

அவரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் 19-ஆம் நூற்றாண்டின் கோபாலகிருஷ்ண பாரதியார். நாற்பது வேலி அறுவடையை முடித்துவிட்டுப் போ என்ற நிபந்தனை, அது ஒரே இரவில் முடிவது எல்லாம் அவருடைய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் வருபவைதான். படம் எடுத்தவர்களும் அந்த வழியில்தான் போனார்கள். 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தபோது மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர்தான் வேதியர். நீங்கள் பார்த்ததில் தண்டபாணி தேசிகருக்கு எதிரே செருகளத்தூர் சாமா.

சேக்கிழாரின் நந்தனாரை எந்த முதலாளியும் தடுப்பதில்லை. கோயில் முரசுக்குத் தோல், யாழுக்கு நரம்பு, பூசைக்குக் கோரோசனை என்று கொடுத்துவருகிறார். தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, போகத் துடிப்பார். தீண்டத்தகாததென்று ஒதுக்கப்பட்ட தன் குலத்துக்கு அது கூடாதே என்று தானே தயங்கி, 'நாளைப் போவேன்' என்பார். எனக்கென்னவோ இந்தத் தயக்கம்தான் வேதியரின் மிரட்டலைவிட அதிகம் வலிக்கிறது.

சிவனை அவர் காண வழிவிட்டு நந்தி விலகும் திருப்புன்கூர்க் காட்சி மட்டும் சேக்கிழாரிலேயே உண்டு. நீங்கள் எழுதும் கட்டுரையில் அதற்குத் தாராளமாகப் பெரியபுராணத்தை மேற்கோள் காட்டலாம். வேதியர் காட்சிகளுக்குக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் பெயரைப் போடுங்கள். பெரியபுராணத்தில் நந்தனாருக்கு அந்த 'நாளைப் போவேன்' என்ற சொல்லாலேயே பெயர்; தேடவேண்டிய தலைப்பு, திருநாளைப்போவார் நாயனார் புராணம்.