கச்சான் காற்றும் ஒல்லாந்த ஓவியமும்: வாசகர் கேள்வி பதில்

பானங்களைச் சுவைத்துப் பழகுவது, ஓவிய வரலாறு படிப்பது இரண்டையும் பற்றி இந்த மாதம் நிறையக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் இடமில்லை, சிலவற்றை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: ரசித்துக் குடிப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வைனைப் பற்றியே எழுதுகிறார்கள். நாங்கள் மதுவைத் தொடாதவர்கள். எங்களுக்கு இதில் இடமில்லையா? (வாசகர், காத்தான்குடி)

பதில்: இடமில்லாமல் என்ன நானா, முன்வரிசையே உங்களுக்குத்தான். எந்த மலை, எந்தப் பக்கச் சரிவு, எந்த மாதத்து இலை என்று வைன்காரர் நடத்துகிற விசாரணை முழுக்கத் தேயிலையிலும் உண்டு. அதுவும் தூரத்தில் இல்லை. செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினால் மகாஓயா, பிபிலை, லுணுகலை என்று ஏறி நேரே ஊவாத் தேயிலைக்குள் போய் நிற்பீர்கள்.

யூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கிற ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை ஒன்று இருக்கிறது, குடித்த பிறகும் தொண்டைக்குள் குளுகுளுவென்று நிற்கும். அதற்குக் காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, வறண்டுபோய் கிழக்குப் பக்கம் இறங்குகிறது. அந்தக் காற்றுப் பட்டு கொழுந்து செடியில் இருக்கும்போதே வாடத் தொடங்க, வாசனை தருகிற பொருட்கள் இலையில் கூடுகின்றன. அவற்றில் ஒன்று மெத்தில் சாலிசிலேட், முழங்கால் நோவுக்குப் பூசுகிற தைலங்களில் இருக்கிற அதே சாமான். இதே காற்று இன்னும் கீழே இறங்கி, இன்னும் சூடேறி, நம் மட்டக்களப்புப் பக்கம் வந்து சேரும்போதுதான் கச்சான் என்று ஏசுகிறோம். நமக்கு உதடு வெடிக்கிற மாதங்களில்தான் அங்கே தேயிலைக்கு விலை ஏறுகிறது!

மேற்குச் சரிவில் இருக்கிற திம்புலைக்குக் கணக்கு மறுபக்கம். வடகீழ்ப் பருவமழை கிழக்கில் கொட்டித் தீர்க்க அங்கே வானம் வெளித்துவிடும், சனவரி முதல் மார்ச் வரை அங்கு நல்ல இலை. ஆக, நமக்குக் கச்சான் அடித்தால் ஊவா, நமக்கு மாரி பெய்து முடிகிற நேரம் திம்புலை. இதை நினைவு வைத்துக்கொள்ளப் புத்தகம் எதுவும் தேவையில்லை.

கேள்வி: நல்ல தேயிலை வாங்கினேன், ஆனால் எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. நாக்கில் ஏதும் பிழையோ? (வாசகி, கல்லடி)

பதில்: நாக்கில் ஒரு பிழையும் இல்லை அக்கா. ஒன்றை மட்டும் குடித்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள், ஊவா ஒன்று, நுவரெலியா ஒன்று. சர்வதேசத் தரமுறைப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். வீட்டில் தராசு எங்கே இருக்கப்போகிறது, ஒரு தேக்கரண்டி கிட்டத்தட்ட அந்த அளவு வரும். வெள்ளைக் கோப்பையில் ஊற்றுங்கள், நிற வித்தியாசம் அதில்தான் பிடிபடும். சீனியும் பாலும் வேண்டாம். சோதனை முடிந்த பிறகு உங்கள் விருப்பம், யாரும் கேட்கப்போவதில்லை.

அப்புறம், கரண்டியால் அள்ளி சர்ரென்று சத்தம் வர உறிஞ்ச வேண்டும். காற்றோடு சேர்ந்து வாய் முழுக்கப் பரவி மூக்குக்கும் ஏறினால்தான் வாசனை தெரியும். தேயிலைக் கொம்பனிகளில் சுவை பார்க்கிறவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள், ஆகவே மாமி ஒரு மாதிரிப் பார்த்தால் கவலைப்படாதீர்கள்.

ஒன்று முக்கியம், தண்ணீர். வாவிக்கரை, கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் உவரும் கடினமும் உள்ள தண்ணீர் என்றால் தேத்தண்ணியின் மேலே ஆடை கட்டும், நிறம் மங்கும், ஊவாவும் நுவரெலியாவும் ஒன்றாகிவிடும். உங்களுக்கு நடந்தது இதுவாகக்கூட இருக்கலாம். குழாய்த் தண்ணீரில் ஒருதரம் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: டஸ்ட் தேயிலை என்றால் கழிவுதானே? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: இல்லை. பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் எல்லாம் இலைத்துணிக்கையின் பருமனைச் சொல்கிறவை. துணிக்கை சிறிதென்றால் சாயம் கெதியாக இறங்கும், கடுமையாக இருக்கும், பால் தேத்தண்ணிக்கு அதுதான் தோது. நல்ல தோட்டத்து டஸ்ட், சோம்பேறித் தோட்டத்து முழு இலையைத் தோற்கடிக்கும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். ஓவிய வரலாறு படிக்க ஆசை. புத்தகத்தைத் திறந்தால் குகை ஓவியத்தில் தொடங்கி ஐந்நூறு பக்கம் போகிறது, ஐம்பதாம் பக்கத்தில் நித்திரை வருகிறது. நம் ஊரில் ஓவிய அருங்காட்சியகமும் இல்லை. எங்கே தொடங்கலாம்? (வாசகர், ஆரையம்பதி)

பதில்: புளியந்தீவில் தொடங்குங்கள் சேர். பகிடி இல்லை. அங்கே இருக்கிற நம் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அதற்கு நான்கு வருடம் கழித்து, 1642இல், ஆம்ஸ்ரர்டாமில் ரெம்பிராண்ட் தன் 'இரவுக் காவல்' ஓவியத்தை முடிக்கிறார். இங்கே பீரங்கி வைத்ததும் அங்கே ஓவியம் வாங்கியதும் ஒரே வர்த்தகத்தின் இரண்டு பக்கம். அந்தக் கப்பல் வருமானத்தில் வளர்ந்த நகரங்களில் வியாபாரிகள் தங்கள் வீட்டுச் சுவருக்கு ஓவியம் வாங்கினார்கள், அவர்களுக்குப் பிடித்த விடயங்களில் ஒன்று சாப்பாட்டு மேசை.

பீற்றர் கிளாஸ் 1627இல் வரைந்த 'வான்கோழிப் பையுடன் மேசை' என்ற ஓவியத்தைத் தேடிப் பாருங்கள் (இது தோளில் மாட்டுகிற பை இல்லை, இறைச்சி வைத்துச் சுடுகிற 'pie'). ஆம்ஸ்ரர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் இணையத்தளத்தில் இதைப் பெரிய அளவில் இலவசமாகவே வைத்திருக்கிறது, போனில் விரித்து விரித்துப் பார்க்கலாம். மேசையில் சிப்பி, எலுமிச்சை, சீனப் பீங்கான் கிண்ணம், கடற்சங்கில் செய்த கோப்பை, எல்லாம் பகட்டு. அவற்றுக்கு நடுவே ஒரு பழைய தாளைச் சுருட்டி, அதற்குள் மிளகு வைத்திருக்கிறது, நம் திருவிழாக் கச்சான் (நிலக்கடலை) சரை போலவே. வெள்ளி பீங்கானை எல்லாம் விட்டுவிட்டு முதலில் அந்தச் சரையைப் பாருங்கள். அத்தனை கப்பலும் எதற்காக ஓடியது என்பது அதற்குள் இருக்கிறது.

ஐரோப்பாவுக்குத் தேயிலையை முதலில் கப்பலேற்றியவர்களும் ஒல்லாந்தரே, ஆனால் அது கிழக்காசியத் தேயிலை. நம் மலையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பயிர்ச்செய்கையாகத் தொடங்கியது 1867இல்தான். இரண்டையும் குழப்பி முகநூலில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

கேள்வி: மதுப்போத்தல் இருக்கிற ஓவியத்தை ரசிப்பது சரியா சேர்? நண்பர்கள் கேலி செய்கிறார்கள். (மாணவர், கல்முனை)

பதில்: தம்பி, போத்தலைப் பார்த்தால் வெறி ஏறாது. பிரெஞ்சு ஓவியர் மனே 1882இல் வரைந்த 'ஃபோலி-பெர்ஜேர் மதுச்சாலை' இருக்கிறதே, லண்டன் கோர்ட்டோல்ட் காட்சிக்கூடத்தில், அதில் நடுவில் நிற்கிற பெண்ணின் முகத்தில் ஒரு கொண்டாட்டமும் இல்லை. வேலைக்களைப்பு மட்டும். பின்னால் பெரிய கண்ணாடி. அதில் அவளுடைய முதுகு இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது, எதிரே தொப்பிக்காரர் ஒருவர். அவர் எங்கே நிற்கிறார், நாம் எங்கே நிற்கிறோம் என்று இன்றைக்கும் சண்டை தீரவில்லை. இடது கரைப் போத்தல் ஒன்றின் லேபிளில் மனே தன் கையெழுத்தையும் ஆண்டையும் போட்டிருக்கிறார். சிவப்பு முக்கோணம் போட்ட பியர்ப் போத்தலும் உண்டு, அந்த முக்கோணம்தான் 1876இல் பிரித்தானியாவில் பதிவான முதல் வர்த்தகக்குறி. இதை ஆரையம்பதி சேருக்குச் சொன்ன கிளாஸ் ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளாஸின் மேசையில் இருப்பது ஒருவருடைய சொத்து, மனேயின் மேசையில் இருப்பது விற்பனைக்கு வைத்த சரக்கு. நண்பர்களுக்கும் காட்டுங்கள், கேலி செய்யட்டும்.

கேள்வி: உண்மையான ஓவியத்தை நேரில் பார்க்கக் கொழும்புக்குத்தான் போகவேண்டுமா? (வாசகி, திருக்கோவில்)

பதில்: முதலில் கல்லடிக்கு வாருங்கள் தங்கச்சி. சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக்கலை மாணவர்கள் கண்காட்சி வைக்கும்போது போய், வரைந்த பிள்ளையிடமே கேள்வி கேட்கலாம், அந்த வசதி ரெம்பிராண்டிடம் கிடைக்காது. கொழும்புக்குப் போகிற அலுவல் வந்தால் பார்ன்ஸ் பிளேசில் சபுமல் அறக்கட்டளை வீடு இருக்கிறது, 1943இல் தொடங்கிய '43 குழு' ஓவியர்களின் படைப்புகள் அங்கே. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஓடாதீர்கள். இரண்டு ஓவியத்தைத் தெரிந்தெடுத்து, மாறி மாறிப் பார்த்து, என்ன வித்தியாசம் என்று கொப்பியில் எழுதுங்கள். படம் பிடிப்பது அதற்குப் பிறகு, அதுவும் அனுமதி கேட்டு.