ஒளியால் வழிநடத்தப்படும் குருத்துக் கலங்கள்: ஒரு கடிதம்

ஐயா,

கோண்டாவிலில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். ஒளிபட்டுச் செயற்படும் நனோத் துணிக்கைகளால் குருத்துக் கலங்களை, அதாவது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலங்களை, நரம்புக் கலங்களாக வியத்தமடையச் (மாற்றமடையச்) செய்யலாம், அவற்றை உடலுக்குள்ளேயே பின்தொடரலாம் என்று வாசித்தேன். முள்ளந்தண்டில் காயப்பட்டுப் பல வருடங்களாகப் படுக்கையில் இருக்கும் என் தம்பிக்கு இதனால் பயன் உண்டா?

– ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

தம்பிக்கு இன்று கொடுக்கக்கூடிய சிகிச்சையாக இது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வாய்வுகள் பெரும்பாலும் கலவளர்ப்புத் தட்டுகளிலும் சிறு விலங்குகளிலுமே நடக்கின்றன.

வியத்தத்தைத் தூண்டும் மருந்தைத் துணிக்கையோடு கட்டிவைத்திருக்கும் பிணைப்பை அறுக்கப் பொதுவாக 365 நனோமீற்றர் அளவிலான கழியூதாக் கதிர் வேண்டும். அதுவோ தோலைத் தாண்டி அதிகம் செல்லாது, கலங்களுக்கும் கேடு செய்யும். அதனால் இற்றெர்பியம், தூலியம் என்னும் அருமண் உலோகங்கள் கலந்த புளோரைட்டுத் துணிக்கைகளைக் கலங்களுக்குள் செலுத்தி, 980 நனோமீற்றர் செங்கீழ்க் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். இற்றெர்பியம் வாங்கிக் கொடுக்கும் சக்தியைத் தூலியம் படிப்படியாகச் சேர்த்துக் கழியூதாவாக வெளிவிட, பிணைப்பு அறுந்து மருந்து விடுபடுகிறது. ஆனால் 980இல் நீரும் கதிரை உறிஞ்சிச் சூடாகும் என்பதால், நியோடிமியம் என்னும் இன்னொரு அருமண் உலோகத்தைச் சேர்த்து 808 நனோமீற்றருக்கு மாறுவோரும் உண்டு.

பின்தொடர்தலில்தான் எனக்குத் தயக்கம். துணிக்கை 800 நனோமீற்றர் அளவில் ஒளிர்வதைக் கொண்டு அது இருக்கும் இடத்தை அறியலாமே தவிர, கலம் என்னவாக மாறியது என்பதை அறிய முடியாது. கலம் பிரியும்போது துணிக்கைகள் மகட்கலங்களுக்குப் பங்கிடப்பட்டு ஒளி மங்கும்; கலம் இறந்தால் அதை விழுங்கும் பெருந்தின்கலமும் அதே ஒளியைக் காட்டும். பத்திரிகைச் செய்திகள் இதைச் சொல்வதில்லை. வியத்தத்தையே காண வேண்டுமானால், எலும்பாக மாறும் கலங்களில் எம்எம்பி-13 என்னும் நொதியம் வெட்டும் பெப்தைட்டு (சிறு புரதத் துண்டு) ஒன்றால் ஒளியை அணைக்கும் சாயத்தைத் துணிக்கையோடு கட்டிவைப்பதுபோல, கலத்தின் சொந்தச் செயலுக்கு விடைகூறும் அமைப்பு வேண்டும்: நொதியம் வெட்டியதும் சாயம் விலகி ஒளி மீளும். நரம்புக் கலத்துக்கு அதற்கேற்ற வேறு அடையாளம் தேவை.

இவையெல்லாம் அமைந்தாலும், தசைக்கும் எலும்புக்கும் பின்னால் சில சென்றிமீற்றர் ஆழத்தில் இருக்கும் முண்ணாணை எட்டுமுன் செங்கீழ்க் கதிரும் பெருமளவு வலுவிழந்துவிடும். புதிய கலம் பழைய நரம்பிழைகளோடு சரியாக இணைய வேண்டியது இன்னொரு பெரும் வேலை.

எவராவது இதைச் சிகிச்சையாக விற்க வந்தால், பதிவுசெய்யப்பட்ட மருத்துவப் பரிசோதனையா என்றும், நோயாளியிடம் பணம் கேட்பது ஏன் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, தம்பியைப் பார்க்கும் வைத்தியரிடம் காட்டிய பிறகே மேற்கொண்டு பேசுங்கள்.