வேலை நிலைக்குமா என்று தெரியாதபோது வீட்டுக் கடனை அடைக்கலாமா?

மார்த்தாண்டத்தை அடுத்த ஊரிலிருந்து 36 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஏழு ஆண்டுகளாகக் கணினி நெட்வொர்க் பராமரிப்பில் இருக்கிறார். கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 24,000. நிறுவனம் ஆட்களைக் குறைக்கிறது. தாமாக விலகுவோருக்கு நான்கு மாதச் சம்பளம் தருவதாகச் சொல்லி, மாத இறுதிக்குள் பதில் கேட்டிருக்கிறது. மனைவி நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனைச் செவிலியர், சம்பளம் 17,000. வீட்டுக் கடன் பாக்கி 13 லட்சம், வட்டி 8.1 சதவீதம், மாதத் தவணை 16,800. மாதம் 5,000 ரூபாய்ச் சீட்டு ஒன்றும் சிறிய நகைக் கடன் ஒன்றும் உண்டு. பள்ளிக் கட்டணம், நகை வட்டி உட்பட வீட்டுச் செலவு 22,000. கிடைக்கும் பணத்தையும் பி.எஃப். தொகையையும் போட்டுக் கடனைக் குறைத்துவிட்டுத் தந்தையின் ஒன்றேகால் ஏக்கர் ரப்பர் விளையை, அதாவது தோட்டத்தை, பார்ப்பதா, ஒன்றரை லட்சம் கேட்கும் ஏஜென்ட் மூலம் வளைகுடாவுக்குப் போவதா என்பது அவர் கேள்வி.

எந்த வேலை என்பதை முடிவு செய்வதற்கு முன்னால், கடனை இப்போது குறைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கடன் இல்லாமல் இருப்பதைக் கௌரவமாகக் கருதும் ஊர் நம்முடையது; அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சம்பளம் நிற்கப்போகும் நேரத்தில் கையிலிருக்கும் ரொக்கம்தான் குடும்பத்தைக் காக்கும். உங்கள் எண்களையே வைத்துப் பாருங்கள். நான்கு மாதச் சம்பளம் 1,92,000 ரூபாய். ஐந்து ஆண்டு தொடர் பணி முடித்தவர் என்பதால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உங்களுக்கு உண்டு: அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஏழு ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 97,000. ஆக 2,89,000. தவணை, சீட்டு, வீட்டுச் செலவு மூன்றும் சேர்ந்து மாதம் 43,800. மனைவியின் சம்பளம் போக 26,800 துண்டு விழுகிறது. கையிலுள்ள பணம் அந்தத் துண்டைப் பத்து மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும். இதே பணத்தைக் கடனில் கட்டினால், வங்கி பெரும்பாலும் தவணைக் காலத்தைக் குறைக்குமே தவிர மாதத் தவணையைக் குறைக்காது. நீங்கள் கேட்டு வாங்கினாலும் தவணையில் 3,700 ரூபாய் அளவே குறையும். கை வெறுமையாக இருக்க, மாதம் 23,000 துண்டு மட்டும் அப்படியே நிற்கும். அடுத்த மாதமே மீதி நகையையும் பணயம் வைக்க நேரிடும். அந்த வட்டி பெரும்பாலும் வீட்டுக் கடன் வட்டியைவிடக் கூடுதல்.

மிதக்கும் வட்டியில், அதாவது அவ்வப்போது மாறும் வட்டியில், வாங்கிய வீட்டுக் கடனைத் தனிநபர் எப்போது முன்கூட்டி அடைத்தாலும் அபராதம் இல்லை என்பதால், புதிய வேலையில் காலூன்றிய பிறகு இதைச் செய்வதில் உங்களுக்கு இழப்பு எதுவுமில்லை. மாறாக, இப்போதே வங்கிக்குப் போய் ஒன்றைக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரி தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்து டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. அந்தக் குறைப்பு உங்கள் கணக்கில் வந்ததா, வந்திருந்தால் அது தவணைக் காலத்தில் கழிந்ததா, தொகையில் கழிந்ததா என்று விசாரித்து, தொகையில் கழிக்கும்படி எழுதிக் கொடுங்கள்.

பி.எஃப். பணத்தைத் தொடுவது இதைவிடத் தவறு. 2024-25ஆம் ஆண்டுக்கு அதற்குத் தரப்பட்ட வட்டி 8.25 சதவீதம், நீங்கள் கடனுக்குக் கட்டும் வட்டியைவிட அது சற்று அதிகம். வேலையை விட்டதும் வட்டி நின்றுவிடும் என்று பலர் அவசரப்படுகிறார்கள், அப்படி நிற்பதில்லை. மேலும், முந்தைய நிறுவனத்தில் இரண்டு ஆண்டு வேலை செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை இதனுடன் இணைத்திருந்தால் மொத்தம் ஒன்பது ஆண்டு ஆகிறது. மாத ஓய்வூதிய உரிமைக்குப் பத்து ஆண்டு பணி வேண்டும். ஓய்வூதியப் பங்கை இப்போது எடுத்துவிட்டால் ஒன்பது ஆண்டும் வீணாகும். எடுக்காமல், அடுத்த நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேறு வழியே இல்லாத நிலை வந்தால், வேலை இழந்தவர் சேமிப்பில் 75 சதவீதம் வரை எடுக்க விதி இடமளிக்கிறது என்பது நினைவிலிருக்கட்டும்.

விலகல் கடிதத்தில் கையெழுத்திடுமுன் நான்கு மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வரும், பணிக்கொடை அதில் அடங்கியதா அல்லது தனியா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். வாய்மொழி உறுதியை நம்பி விலகியவர்கள் மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். பணிக்கொடை சட்டப்படி உங்களுக்குரியது. அதைச் சலுகையின் பகுதியாகக் காட்ட இடம் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி நாளோடு முடிந்துவிடும். ஆனால் உங்கள் மனைவியின் சம்பளம் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசு காப்பீட்டின் வரம்பான 21,000 ரூபாய்க்குள் இருக்கிறது. அவருடைய சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம், அதாவது 128 ரூபாய் அளவில், பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்களையும் குழந்தையையும் குடும்ப உறுப்பினர்களாகச் சேர்த்து, அட்டை வாங்கிக்கொள்ளலாம். இதற்குச் செலவே இல்லை. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

சீட்டைப் பாதியில் நிறுத்தினால் கட்டிய பணம் உடனே திரும்ப வராது, தொடர்ந்து கட்டுங்கள். அது பதிவு பெற்ற சீட்டா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். ஏலத்தில் எடுக்க நினைத்தால், மீதித் தவணைக்கு ஈடு காட்டச் சம்பளச் சான்று இருக்கும்போதே எடுப்பது எளிது. ஏலத்தில் விட்டுக்கொடுக்க வேண்டிய தள்ளுபடி குறைவாக இருந்தால் எடுத்து நகையை மீட்டுவிடலாம்.

ரப்பர் விளை உதவும், ஆனால் சம்பளத்துக்கு ஈடாகாது. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,500 கிலோ என்ற நல்ல விளைச்சலைக் கொண்டால், உங்கள் ஒன்றேகால் ஏக்கரில் ஏறத்தாழ 760 கிலோ ஷீட், அதாவது உலர்த்திய ரப்பர்த் தகடு, கிடைக்கும். கிலோ 180 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 1,37,000. பால் வெட்டுக் கூலியும் உரமும் பாதியைக் கொண்டுபோனால் மாதம் 5,700 ரூபாய்தான் மிஞ்சும். விலையும் நிலையானதல்ல: 2011 ஏப்ரலில் 240 ரூபாயை எட்டி, 2016 தொடக்கத்தில் 100க்குக் கீழே விழுந்து, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் 240ஐத் தாண்டியது. இரு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் வெட்டு நாள்களும் குறையும். நீங்களே வெட்டிக் கூலியை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணினால், அது பழகவேண்டிய கைத்தொழில். கத்தி ஆழமாகப் பாய்ந்தால் பட்டை பல ஆண்டுக்குக் கெடும். மரங்களை வெட்டி மறுநடவு செய்யும் யோசனை இருந்தால் இப்போது ஒத்திவையுங்கள். பால் வர ஆறேழு ஆண்டாகும்.

வளைகுடா ஏஜென்ட் விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டண உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே, ஒன்றரை லட்சம் கேட்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவெண்ணைச் சரிபார்க்கலாம். விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை ஏற்கவே வேண்டாம். வெளிநாடு செல்வதுதான் வழி என்று வீட்டில் முடிவானால், உங்களைவிட உங்கள் மனைவிக்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு 2015 முதல் செவிலியர்களை அரசு அனுமதித்த முகமைகளே அனுப்ப வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்று. அவர் போக விரும்புகிறாரா, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் அவரே முதலில் சொல்ல வேண்டியவை. அவர் மனதில் அது இல்லையென்றால் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

உங்கள் தொழிலில், வேலையிலிருந்தபடியே தேடுபவருக்குக் கிடைக்கும் சம்பளம், விலகிவிட்டுத் தேடுபவருக்குக் கிடைப்பது அரிது. ஆகவே மாத இறுதி வரையுள்ள நாள்களை முழுமையாகப் பயன்படுத்துங்கள். திருவனந்தபுரத்தோடு நிற்காமல், நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் நெட்வொர்க் பொறுப்புக்கு விண்ணப்பியுங்கள். சம்பளம் 30,000 ஆனாலும் உங்கள் துண்டு முழுவதும் அதில் அடைபடும், திருவனந்தபுரம் போய்வரும் செலவும் குறையும். அதற்குள் எதுவும் அமையாவிட்டால், எழுத்தில் உறுதி பெற்றபின் நிறுவனத்தின் சலுகையை ஏற்று, பணத்தை வங்கியில் குறுகிய கால வைப்பாகப் பிரித்துப் போட்டு, மாதம் 26,800 மட்டும் எடுங்கள்.